வெண்டல் அள்ளி வந்த பனி

ஆர்டிஸுக்கு வாய் மட்டும் இல்லாமல் போயிருந்தால் பூர்வகுடிகளுக்கென்று ஒதுக்கிய நாணல் ஏரி ரிசர்வில் பாதிப்பேருக்குப் பொழுது போயிருக்காது, மீதிப்பேருக்கு மானம் போயிருக்காது. அப்படி ஒரு வாய். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் நூற்றுப்பத்துப் பிள்ளைகளுக்கு சூப் கிண்டிக்கொண்டே, சன்னல் வழியாகத் தெருவில் போகிறவனுடைய மூன்று தலைமுறையையும் இழுத்து வைத்துப் பேசுவாள். பேச்சு வாங்கியவனும் கோபப்படாமல், சிரித்துக்கொண்டே ஒரு கிண்ணம் மான்கறி சூப்புக்கு உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவான்.

புருஷன் வெண்டல் இதற்கு நேர் எதிர். ரிசர்வின் சாலைத் துறையில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். குளிர்காலம் பூராவும் ஊர் எழுந்திருக்கும் முன்பே லாரிக்குள் ஏறித் தனியாக உட்கார்ந்து பழகிப்போனவன். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். யாராவது கேட்டால், "எனக்கும் சேத்து அவ பேசிடுறா, அப்புறம் நான் வேற எதுக்கு?" என்பான். முப்பத்தோரு வருஷக் குடித்தனம் இப்படியேதான் ஓடியது, நன்றாகவே ஓடியது.

அந்த வாய்க்குத்தான் வந்தது வினை. ஜனவரியில் அவள் கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கெட்ட கட்டி இல்லை, ஆனால் வளர்கிறது, எடுத்துவிட வேண்டும் என்றார்கள். நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா படம் போட்டே காட்டினாள். குரல் நரம்பு அந்தக் கட்டியின் முதுகோடு ஒட்டிக்கொண்டு போகிறதாம். பக்குவமாகத்தான் பிரிப்பார்களாம். ஆனாலும் சிலருக்குக் குரல் போய்விடுமாம். போனது சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது. மார்ச் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்தார்கள்.

வீட்டுக்குத் தொண்ணூறு மைல். வழி நெடுக ஆர்டிஸ்தான் பேசினாள். "போனா போகட்டும், போ. இனிமே நீ பேசு, நான் கேக்கிறேன். முப்பது வருஷத்துப் பாக்கி இருக்கில்ல, தீத்துடு." வெண்டல் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தான். அவள் பேசாத ஒரு வீட்டை அவனால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை.

பனிக்காலத்தில் வியாழக்கிழமைதோறும் பள்ளிக்கூடம் விட்ட பிறகு, கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் ஆர்டிஸ் அவர்கள் பழங்கதைகளில் வரும் எத்தன் வேனபோஜோவின் கதை சொல்லுவாள். கேட்க உட்காருவது பதினேழு உருப்படிகள். கதை கேட்பதற்குக் காணிக்கை புகையிலை; யார் முதலில் அதைக் கொண்டுவந்து அவள் கையில் வைக்கிறதோ அந்தப் பிள்ளை முன்வரிசையில் உட்காரலாம். தரையில் பனி கிடக்கும்வரைதான் கதை. பனி போய்விட்டால் கதையும் இல்லை, அவன் பெயரையும் யாரும் எடுக்க மாட்டார்கள். அடுத்த பனி விழும்வரை வேனபோஜோ வெறும் "அவன்"தான்.

ஆபரேஷனுக்கு முந்தின வியாழக்கிழமை அவளைக் கூட்டிப்போக வந்த வெண்டல், ஒரு கோப்பைக் காப்பியை வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்தான். எட்டு வயசு டெஸ் அன்றைக்குப் புகையிலை கொண்டுவந்திருந்தாள். அவள் தம்பி கெனி, ஐந்து வயசு, கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டு அவள் மடியில் பாதியும் தரையில் பாதியுமாகக் கிடந்தான்.

"வேனபோஜோவுக்குப் பசி," என்று ஆரம்பித்தாள் ஆர்டிஸ். "என்னைக்குத்தான் அவனுக்குப் பசிக்கல? மூணு நாளா வயித்துல ஒண்ணுமில்ல. ஏரிக்கரையில வாரான், தண்ணியில பாத்தா வாத்து! கொழுகொழுன்னு, கூட்டங்கூட்டமா. இவன் என்ன செஞ்சான், பாசியை அள்ளி ஒரு மூட்டை கட்டினான். அதை முதுகுல போட்டுக்கிட்டு, வாத்துங்களைப் பாக்காத மாதிரியே விறுவிறுன்னு நடந்தான்."

கெனி விரலை எடுத்தான். "ஏன் பாக்காத மாதிரி?"

"உன் கையில மிட்டாய் இருந்தா உங்கக்கா உன்னைப் பாத்துக்கிட்டா வருவா? சுவத்தைப் பாத்துக்கிட்டுத்தான வருவா?"

"ஆமா!" என்று கெனி கத்த, டெஸ் அவன் தொடையில் ஒரு கிள்ளு வைத்தாள்.

"ஒரு வாத்து கேட்டுச்சு, 'அண்ணே, அண்ணே, மூட்டையில என்ன?'" இதை மூக்கால் சொன்னாள். வேனபோஜோவுக்கு அடிவயிற்றிலிருந்து ஒரு குரல். "'பாட்டு.' 'ஒரு மூட்டை பூராவும் பாட்டா!' 'ஆமா தம்பி. அடுத்த ஊர்ல ஆட்டம். எனக்காக ஊரே காத்துக் கிடக்கு. நேரமில்ல, வரட்டா?' வாத்துங்களுக்குத் தாங்கல. 'எங்களுக்கு ரெண்டே ரெண்டு பாடிட்டுப் போங்கண்ணே!'"

அப்புறம் குடிசை கட்டினான், வாத்தெல்லாம் உள்ளே வந்தது, எல்லாரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு ஆட வேண்டும், திறந்தால் கண் சிவந்துபோகும் என்றான். ஆர்டிஸ் மேசையைத் தட்டிப் பாடினாள். பதினேழும் கண்ணை மூடிக்கொண்டு ஆடின. ஆடுகிற வாத்துகளின் கழுத்தை ஒவ்வொன்றாக அவன் திருகத் திருக, அவளும் ஒவ்வொரு பிள்ளையாகத் தொட்டு உட்கார வைத்தாள். வாசலோரம் ஆடிய முக்குளிப்பான் பறவை மட்டும் ஒரு கண்ணை ஓரமாகத் திறந்து பார்த்துவிட்டது. "ஐயோ! நம்மளைக் கொல்றான்!" என்று முக்குளிப்பானுடைய குரலில் ஒரு நீளக் கூவல் போட்டாள் பாருங்கள், வெளியே கார் நிறுத்துமிடத்தில் கிடந்த நாய்கள் எல்லாம் எழுந்து குரைத்தன. ஓடுகிற முக்குளிப்பானை அவன் பின்பக்கத்தில் ஓங்கி ஒரு உதை விட்டான், அதனால்தான் அதற்கு இன்றைக்கும் கால் அவ்வளவு பின்னால் போய்க் கிடக்கிறது, கண்ணும் சிவப்பு.

"செத்த வாத்தையெல்லாம் சுடுமணல்ல புதைச்சான். கால் மட்டும் வெளிய தெரியிற மாதிரி. மேல நெருப்பு. வேகட்டும்னு படுத்துட்டான். ஆனா பயம். எவனாவது வந்து தூக்கிட்டுப் போயிட்டா? அதனால தன் குண்டியைக் கூப்பிட்டான்."

கூடம் பூராவும் சிரிப்பு. கெனி தரையில் உருண்டான்.

"'ஏய் குண்டி! நான் தூங்குறேன், நீ முழிச்சிரு. யாராச்சும் வந்தா என்னை எழுப்பணும், தெரியுதா?' 'சரிண்ணே'ன்னு குண்டி சொல்லுச்சு. குண்டியை ஏரிப்பக்கமாத் தூக்கி வெச்சிட்டு, குறட்டை விட ஆரம்பிச்சான். அந்த நேரம் பாத்து, கரை முனைக்கு அந்தப்புறம் ஒரு படகு வருது..."

வெளியே பஸ் ஹாரன் அடித்தது.

"ஐயோ அத்தை! நிறுத்தாதீங்க!"

"பஸ்காரன் உங்க மாமனா, நிக்கிறதுக்கு? ஓடுங்க. நாளைக்குச் சாயங்காலம் எல்லாரும் இருந்துட்டுப் போங்க, மிச்சத்தைச் சொல்லிடுறேன். திங்கக்கிழமை நான் ஊருக்குப் போகணும்."

மார்ச் மாதத்தில் பனியைப் பற்றி அங்கே எவனும் கவலைப்பட்டதில்லை. கிடக்கும், அது பாட்டுக்கு. ஆனால் அந்த வருஷம் பனியே குறைச்சல், கணுக்கால் அளவுக்குத்தான் கிடந்தது. அன்றைக்குப் பொழுது சாய்ந்ததும் தெற்கிலிருந்து ஒரு வெதுவெதுப்பான காற்று கிளம்பியது. அதன் பின்னாலேயே மழை வந்தது. விடிய விடியப் பெய்து, பகலிலும் பெய்தது. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடும்போது ஊர் பழுப்பாகக் கிடந்தது. போன அக்டோபரில் தொலைந்த கையுறை, சைக்கிள், நாய் புதைத்த எலும்பு, எல்லாம் வெளியே வந்துவிட்டன.

பதினேழு பேரும் கூடத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். டெஸ் இரண்டாவது நாளாகவும் புகையிலையை நீட்டினாள். ஆர்டிஸ் அவள் விரலை மெதுவாக மடக்கி மூடினாள்.

"வேண்டாம் கண்ணு. வெளிய பாத்தீங்கல்ல? பனி இல்ல."

"கொஞ்சம்தான அத்தை பாக்கி!"

"கொஞ்சமோ நெறையவோ. பனிங்கிறது மண்ணுக்கடியில தூங்குற தவளை, பாம்பு எல்லாருக்கும் போர்வை. போர்வை போனா காது கேக்கும். அவங்க காதுபட அவங்க கதையைப் பேசினா நல்லாவா இருக்கும்? தவளை வந்து உன் படுக்கையில படுக்கும், பரவாயில்லையா?"

"அப்ப அவன் தூங்கிக்கிட்டே கெடப்பானா?" என்றான் கெனி. "நவம்பர் வரைக்கும்? வாத்து கருகிடுமே!"

"கருகாது. நெருப்பை அப்படியே இருன்னு சொல்லியிருக்கேன்."

"ஹாக்கித் திடலுக்குப் பின்னாடி பனி மலை மாதிரி குமிஞ்சு கெடக்கு அத்தை," என்றது இன்னொன்று. "வெண்டல் மாமா தள்ளி வெச்சது. அங்க போயி சொல்லுங்க!"

"அது குப்பைமேடுடா."

டெஸ் எழுந்து நின்றாள். "செவ்வாக்கிழமை உங்க கழுத்தைக் கிழிக்கப் போறாங்களாம். அதுக்கப்புறம் உங்களால பேச முடியாதாம். எங்கம்மா சொன்னாங்க."

ஆர்டிஸ் இடுப்பில் கையை வைத்தாள். "உங்கம்மாகிட்டப் போயி சொல்லு, இந்த ஆர்டிஸ் வாயை மூட ஒரு கத்தி பத்தாதுன்னு. போங்க, ஆளுக்கு ரெண்டு பிஸ்கட் எடுத்துக்கிட்டுப் போங்க."

பிக்கப்பில் ஏறிக் கதவைச் சாத்தியதும் அவள் மூஞ்சி மாறிவிட்டது. "தப்பு என்னோடதுதான் வெண்டல். கதையைப் பாதியில நிறுத்துவாளா ஒருத்தி? பஸ்ஸு அடிச்சா அடிக்கட்டும்னு முடிச்சிருக்கணும். மார்ச்சுப் பனியை நம்பிட்டேன்." கொஞ்ச நேரம் கண்ணாடியில் வழிகிற தண்ணீரைப் பார்த்தாள். "எனக்குப் பயமா இருக்கு. குரல் போறதுகூட இல்ல. நவம்பர்ல அந்த வாண்டுங்க வந்து நிக்கும். நான் பாதிக் கதையோட வாயை மூடிக்கிட்டு நிப்பேன். அதை நெனைச்சாத்தான்."

வெண்டல் அவள் முழங்காலில் கையை வைத்தான். பிறகு வண்டியைக் கிளப்பினான்.

மழை விட்டதும் மேப்பிள் மரங்களில் இனிப்பு நீர் இறங்கத் தொடங்கிவிட்டது. சனிக்கிழமை முழுவதும் ஆர்டிஸின் அண்ணன் டொய்லுடைய தோப்பில் வேலை. வாளி வாளியாக மரநீரைத் தூக்கி வந்து பெரிய கொப்பரையில் ஊற்றினார்கள். விறகு பிளப்பது வெண்டல். நுரை பொங்கினால் தேவதாரு இலைக் கொத்தால் தட்டி அடக்குவது ஆர்டிஸ். நாற்பது வாளி வற்றினால் ஒரு வாளி பாகு. அவள் புகைக்குள் நின்றுகொண்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு, டொய்லின் சோம்பேறித்தனத்தைப் பற்றி ராகம் போட்டுப் பாடினாள். டொய்ல் எதிர்ப்பாட்டுப் பாடினான். வெண்டல் கோடரியை ஓங்கியபடியே அந்தக் குரலைக் கேட்டான். இன்னும் மூன்று நாள் என்று எண்ணினான். அங்கேயே, ஓங்கிய கோடரியோடு, அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆர்டிஸ் பாகு வடிகட்டத் தோப்புக்குப் போனாள். இவன் முதுகு வலி என்று சொல்லிவிட்டு வீட்டில் நின்றுகொண்டான். அவள் வண்டி தெருமுனை தாண்டியதும் மண்வெட்டியை எடுத்து பிக்கப்பில் போட்டான். நேரே ஹாக்கித் திடலுக்குப் பின்னால் போனான். குளிர்காலம் முழுக்க அவனே லாரியால் தள்ளிக் குவித்த பனி, வீடு உயரத்துக்கு நின்றது. மேலே கறுப்பு, உள்ளே கல் மாதிரி கெட்டி. வெட்டி வெட்டி வண்டியில் ஏற்றினான். வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து கொட்டி, புல் தெரியாமல் பரப்பினான். ஒரு நடை, இரண்டு நடை, ஒன்பது நடை. கடைசி நடையில் முதுகு நிஜமாகவே பிடித்துக்கொண்டது.

டொய்லின் வண்டி வந்து நின்றது. தங்கச்சிக்குச் சல்லடை எடுக்க வந்தவன், இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினான்.

"மச்சான். அஞ்சு மாசமா இந்த ஊர்ப் பனியை வெளிய தள்ளினே. இப்ப திருப்பி உள்ள கொண்டாரியா?"

"ம்."

"மூளை கீளை உருகிருச்சா?"

"போடா. வேலையிருக்கு."

"என் தங்கச்சிக்குத் தெரியுமா?"

வெண்டல் நிமிர்ந்தான். வேர்த்து ஒழுகியது. "பனி வேணும்னு சொன்னா. பனி இருக்கு. பிள்ளைங்களுக்கு போன் போட்டுச் சொல்லு, போ." ஒரே மூச்சில் அவன் அவ்வளவு பேசியதை டொய்ல் பார்த்ததே இல்லை. மறுபேச்சில்லாமல் போனை எடுத்தான்.

ஆர்டிஸ் திரும்பி வந்தபோது ஊரே பழுப்பாக இருக்க, அவள் முற்றம் மட்டும் சாம்பல் வெள்ளையாக இருந்தது. அதன்மேல் பதினேழு பிள்ளைகள் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். வண்டியை விட்டு இறங்கினாள். சுற்றி ஒரு நடை நடந்தாள். பனிக்குள்ளிருந்து ஒரு ஹாக்கி மட்டை நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டு பீர் டப்பா, ஒற்றைக் கால் பூட்ஸ், யாருடைய வேலியிலிருந்தோ பிய்ந்த ஒரு கட்டை.

"யாரு வேலை இது?"

பதினேழு விரல்களும் வெண்டலைக் காட்டின. அவன் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நேராக நிற்க முடியாமல் நின்றான்.

"பனிதான," என்றான் மெதுவாக. "தரையிலதான கெடக்கு. சொல்லிடு ஆர்டிஸ். எனக்காக."

அவள் அவனையே பார்த்தாள். திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தாள். பிறகு வந்து அவன் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"இது செல்லாது, என் ராசா. வானம் போட்டதுதான் பனி. நீ போட்டது இல்ல. யாரை ஏமாத்தப் பாக்கிறே நீ?"

பிள்ளைகள் முகம் சுருங்கியது. கெனி ஒரு பனிக்கட்டியைக் காலால் எத்தினான்.

"மூஞ்சியைத் தொங்கப் போடாதீங்க. அவன் கதைக்குத்தான் பனி வேணும். நடந்த கதைக்கு வேண்டாம். நடந்ததை நடுக்கோடையிலயும் சொல்லலாம். எல்லாரும் உக்காருங்க. டெஸ், அந்தப் புகையிலையைக் கொண்டா இப்படி."

கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து தொண்டையைக் கனைத்தாள்.

"ரொம்பக் காலத்துக்கு முன்னாடின்னு சொல்ல மாட்டேன். இன்னைக்குக் காலையில. ஒரு ஊர்ல வெண்டல்னு ஒருத்தன். அவன் பொண்டாட்டிக்கு வாய் ஜாஸ்தி. அவனுக்கு வாயே கெடையாது. அவன் சொத்தே ரெண்டுதான், ஒரு மண்வெட்டி, ஒரு முதுகு. 'ஏய் முதுகு! நான் பனி திருடப் போறேன், நீ என்கூட இரு'ன்னான். 'சரிண்ணே'ன்னு முதுகு சொல்லுச்சு..."

ஒன்பது நடையையும் ஒன்பது விதமாகச் சொன்னாள். ஒவ்வொரு நடைக்கும் முதுகு ஒரு புலம்பல் புலம்பியது. வழியில் நாய் கேட்டது, காக்கா கேட்டது, போன வருஷத்து பீர் டப்பா எழுந்து உட்கார்ந்து கேட்டது, "அண்ணே, வண்டியில என்ன?" டொய்ல் வரும் இடத்தில் மூக்கால் பேசினாள். பிள்ளைகள் பனியில் புரண்டு சிரித்தார்கள். "யாரை வேணா கிண்டல் பண்ணு, என் மூக்கை ஏன் இழுக்கிறே!" என்று டொய்ல் கத்தினான். வெண்டல் மண்வெட்டிக் காம்பில் சாய்ந்து, தன்னைப் பற்றிய கதையைத் தானே கேட்டுக்கொண்டு நின்றான். அவமானமெல்லாம் இல்லை. சந்தோஷமாக இருந்தது. அவனுக்கு வேண்டியிருந்தது இந்தக் குரல்தானே. அதை அள்ள அள்ளக் கொடுத்தாள் அவள், இருட்டுகிறவரை. அழுகையும் வந்தது. வேர்வையைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டான்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் ஐந்து மணி நேரம் எடுத்தது. கண் விழித்தவள் வெண்டலைப் பார்த்து வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. நரம்பு அறுபடவில்லை, அலுத்துப் போயிருக்கிறது, மாதக்கணக்கில் ஆகலாம், வரும் என்று சத்தியம் செய்ய முடியாது என்றாள் டாக்டரம்மா. இரண்டு வாரம் வாயைத் திறக்கவே கூடாது, அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முயன்று பார்க்கலாம் என்றாள்.

வீட்டுக்கு வந்த ஆர்டிஸ் பழைய கடித உறைகளின் முதுகில் எழுத ஆரம்பித்தாள். காப்பியில் சர்க்கரை பத்தவில்லை. உன் காலுறை நாறுகிறது. டொய்லை இந்தப் பக்கம் வரச்சொல்லாதே, அவன் மூக்கைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது, தையல் பிரிந்துவிடும். "வாயால திட்டினா காத்தோட போயிரும்," என்றான் டொய்ல், ஓர் உறையை வாசித்துவிட்டு. "இவ எழுத்து அதைவிட மோசம்." போனை எடுப்பது, வாசலுக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்வது எல்லாம் வெண்டல் தலையில் விழுந்தது. நாளைக்கு ஐம்பது அறுபது வார்த்தை தேறியது. ராத்திரிச் சாப்பாட்டில் மட்டும் ஏரியில் தானாக விளைகிற அரிசிச் சோற்றைப் பிசைந்துகொண்டு, எதிரே அசையாத அவள் வாயைப் பார்க்கும்போது அவனுக்கு உள்ளே இறங்காது. அவள் கரண்டியால் மேசையைத் தட்டுவாள், சாப்பிடு என்று.

ஏப்ரல் நாலாம் தேதி பனி கொட்டியது. அது வழக்கம்தான், ஏப்ரலில் ஒரு கொட்டு கொட்டாமல் வடக்கே வசந்தம் வந்ததாகச் சரித்திரம் கிடையாது. முழங்கால் அளவு. பள்ளிக்கூடம் லீவு. விடியுமுன் லாரி எடுத்த வெண்டல் ஊரைத் தள்ளி முடித்துவிட்டு பத்து மணிக்கு வீடு வந்தால், வாசல் நடையில் குட்டிக்குட்டி பூட்ஸுகளாகக் குவிந்து கிடந்தன. உள்ளே பதினேழும் தரையில் உட்கார்ந்திருந்தன. நாற்காலியில் ஆர்டிஸ், கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு, உள்ளங்கையில் டெஸ் வைத்த புகையிலையோடு.

"என்னடா நடக்குது?" என்றான்.

கதவைத் திறந்துகொண்டு டொய்ல் வந்தான், முழங்கால் வரை பனி. "அரை மணி நேரமா உன் பொண்டாட்டி என்னைச் சாக்கடையோரம் நிக்க வெச்சிட்டா, தவளை கத்துதான்னு கேக்க. ஒரு தவளையும் கத்தல. எல்லாம் போர்வைக்குள்ள தூங்குது. எனக்குத்தான் கால் விறைச்சுப் போச்சு."

ஆர்டிஸ் தலையை ஆட்டினாள். புகையிலையை அடுப்பு நெருப்பில் போட்டாள். பிறகு வாயைத் திறந்தாள்.

குரல் என்று அதைச் சொல்ல முடியாது. முறத்தில் அரிசி புடைக்கும்போது உமி உரசுமே, அந்த அளவுதான். "வேனபோஜோ தூங்குறான்," என்றாள். பின்வரிசைக்கு எட்டவில்லை. யாரும் எதுவும் சொல்லாமலே பதினேழு பேரும் முழங்காலால் நகர்ந்து நகர்ந்து அவள் காலடிக்கு வந்துவிட்டார்கள்.

"இன்னுமா தூங்குறான்?" என்று கெனி கேட்டான். அவனும் ரகசியமாகத்தான் கேட்டான். அவள் அப்படிப் பேசவும் எல்லாருக்கும் அதுவே தொற்றிக்கொண்டது.

"இன்னும்தான். குண்டி முழிச்சிருக்கு. படகுல ஆளுங்க வராங்க. குண்டி பாத்துருச்சு. பாத்ததும்..." நிறுத்தினாள். அவ்வளவுதான் மூச்சு. கையை நீட்டி வெண்டலைக் காட்டினாள்.

"நானா? நான் எதுக்கு?"

அவள் உறையை எடுத்து இரண்டு சொல் எழுதி டொய்லிடம் கொடுத்தாள். டொய்ல் உரக்க வாசித்தான். "'நீதான் குண்டி.'"

ரகசியமெல்லாம் பறந்துவிட்டது. வீடு இடிந்து விழுகிற சிரிப்பு. வெண்டலுக்குக் காது சிவந்தது. ஓடிவிடலாமா என்று கதவைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அவள் காத்துக்கொண்டிருந்தாள், கேலியாக இல்லை, நிஜமாகவே.

"அண்ணே, ஆளு வருது," என்றான்.

அவள் கையை மேலே மேலே என்று ஆட்டினாள்.

"அண்ணே! ஆளு வருது! எந்திரி!"

முப்பத்தோரு வருஷத்தில் அந்த வீடு கேட்காத சத்தம். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வேனபோஜோ எழுந்து பார்த்தான், படகு முனைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. பொய் சொல்கிறாயா என்று குண்டியைத் திட்டிவிட்டுப் படுத்தான். மறுபடி படகு வந்தது. மறுபடி வெண்டல் கத்தினான், இந்தத் தடவை எழுந்து நின்றே கத்தினான். மறுபடி ஒளிந்தார்கள். வேனபோஜோ குண்டிக்கு நாலு அறை வைத்தான். "இனிமே வாயைத் திறந்தே, தெரியும் சேதி," என்றாள் ஆர்டிஸ், அந்த உமிக் குரலில்.

"மூணாவது தடவை படகு வந்துச்சு. கரையில நின்னுச்சு. ஆளுங்க இறங்குனாங்க. குண்டி பாத்துச்சு."

பதினேழு தலைகளும் வெண்டல் பக்கம் திரும்பின. வெண்டல் வாயை இறுக்க மூடிக்கொண்டான். இந்த ஒரு வேலை அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தான்.

"மணலைத் தோண்டுறாங்க," என்றாள் ஆர்டிஸ். "முத வாத்தை எடுத்துட்டாங்க."

"மாமா, சொல்லுங்க!" என்றாள் டெஸ்.

வெண்டல் சொல்லவில்லை.

"ரெண்டாவது வாத்தையும் எடுத்துட்டாங்க."

கெனிக்குத் தாங்கவில்லை. துள்ளி எழுந்தான். "வேனபோஜோ! எந்திரி!" என்று தொண்டை கிழியக் கத்தினான். அவ்வளவுதான், மதகு உடைந்தது. டெஸ் கத்தினாள், பதினேழு பேரும் எழுந்து நின்று கத்தினார்கள். எந்திரி, எந்திரி, உன் வாத்து போகுது, எந்திரி! வெளியே நாய்கள் குரைத்தன. டொய்ல்கூட விறைத்த காலோடு எம்பி எம்பிக் கத்தினான்.

ஆர்டிஸ் நாற்காலியில் சாய்ந்து, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, அந்தச் சத்தம் முழுவதையும் கேட்டாள். அவசரப்படவில்லை. ஒவ்வொருத்தராகக் கத்தி ஓய்ந்து, மூச்சு வாங்கி, அவள் வாயைப் பார்த்துக்கொண்டு மறுபடி உட்காருகிறவரை பொறுத்திருந்தாள். பிறகு குனிந்தாள்.

"அவன் எந்திரிக்கவே இல்ல," என்றாள்.